லேத்தில் கடைந்த தூண்கள்
மாக்ஸ்ஃபீல்ட் பாரிஷ் (1870 – 1966)

நம்முடைய பழைய மாணவர் மலர்களில் வழக்கமாக விஞ்ஞானிகள், தலைவர்கள், தொழிலதிபர்கள் வாழ்க்கையைத்தான் எழுதுவோம். இந்தத் தடவை ஓர் ஓவியரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. ஓவியர் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இவர் லேத் ஓட்டியவர்! முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பில் காக்கி உடுப்போடு நின்று, ஒரு மரக்கட்டையைக் கடைந்து உருட்டையாக்க நாம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே மாதிரி லேத்தில் தூண்களையும் சாடிகளையும் கையடக்கமாகக் கடைந்து, மேஜையில் நிறுத்தி, பக்கவாட்டில் விளக்கை வைத்து, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்துப் படம் போட்டவர் மாக்ஸ்ஃபீல்ட் பாரிஷ். 1920களில் அமெரிக்க வீட்டுச் சுவர்களில் இவர் படங்கள் தொங்கியதுபோல வேறு எவர் படமும் தொங்கவில்லை என்று சொல்வார்கள்.

பிலடெல்பியா நகரில் 1870 ஜூலை 25ஆம் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பேர் ஃப்ரெடரிக். மாக்ஸ்ஃபீல்ட் என்பது அப்பாவைப் பெற்ற பாட்டியின் பிறந்த வீட்டுப் பேர்; அதைப் பிற்பாடு இவரே தனக்கு வைத்துக்கொண்டார். அப்பா ஸ்டீபன் பாரிஷ் ஸ்டேஷனரி கடை வைத்திருந்தவர். கடையை விட்டுவிட்டு, செப்புத் தகட்டில் கோடு கீறி அச்செடுக்கும் எட்சிங் கலையில் இறங்கி அதில் நல்ல பேர் எடுத்தார். ஓவியம் போட்டால் சோறு கிடைக்குமா என்று பையனைக் கேட்கிற வீடாக அது இருக்கவில்லை. பதினாலு வயசில் பையனை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போய் இரண்டு வருஷம் சுற்றிக் காட்டினார்கள். பழைய கோயில்கள், தூண்கள், வளைவுகள் எல்லாம் அப்போதே கண்ணில் ஏறிவிட்டன.

1888ல் கட்டடக் கலைஞர் ஆகும் எண்ணத்தோடு ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர் எழுதிய கெமிஸ்ட்ரி லேப் நோட்டு பிற்காலத்தில் பிரசித்தம் ஆகிவிட்டது. சோதனைக் குறிப்புகளுக்கு நடுவே, சோதனைக் குழாய்களையும் குடுவைகளையும் சுற்றிக் குட்டி மனிதர்களாக வரைந்து தள்ளியிருக்கிறார். நம்மில் யாராவது ரெக்கார்டு நோட்டில் அப்படி வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்! மூன்று வருஷம் படித்தவர், 1891ல் பட்டம் வாங்காமலே வெளியே வந்துவிட்டார். கட்டடக் கலை வேண்டாம், ஓவியம்தான் என்று முடிவு. ஆனால் கட்டடம் கட்டும் ஆசை மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை. வேறு வழியில் திரும்பி வந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

பிறகு பென்சில்வேனியா நுண்கலை அகாடமியில் படித்தார். அந்தக் காலத்தில் பத்திரிகை ஓவியர்களுக்கெல்லாம் குருவாக இருந்த ஹோவர்ட் பைல், டிரெக்செல் நிறுவனத்தில் பாடம் நடத்தினார். அவரிடமும் கொஞ்ச நாள் போனார். 1895ல் லிடியா ஆஸ்டின் என்ற ஓவிய ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டார். அதே வருஷம் ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகையின் ஈஸ்டர் இதழுக்கு அட்டைப்படம். 1896ல் செஞ்சுரி பத்திரிகை நடத்திய போஸ்டர் போட்டியில் இரண்டாம் பரிசு (முதல் பரிசு லெயன்டெக்கருக்கு). 1897ல் எல். ஃப்ராங்க் பாம் எழுதிய குழந்தைப் புத்தகத்துக்குப் படங்கள். வேலை குவிய ஆரம்பித்துவிட்டது.

1898ல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் பிளெய்ன்ஃபீல்டு என்ற சிற்றூரில் குன்றின் மேல் ஓர் இடம் வாங்கினார். எதிரே கனெக்டிகட் ஆற்றுக்கு அப்பால் அஸ்கட்னி மலை தெரியும். அங்கே ‘தி ஓக்ஸ்’ என்ற வீட்டைக் கட்டினார். கட்டினார் என்றால் கான்டிராக்டரிடம் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கவில்லை. உள்ளூர்த் தச்சர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, பிளான் போட்டதிலிருந்து மர வேலை வரை தானே கூட நின்றார். கதவுக் கீல், தாழ்ப்பாள் எல்லாம் அவர் கையால் செய்தவை. பிற்பாடு வீட்டுக்கு எதிரே தனியாக ஒரு ஸ்டூடியோ கட்டினார். அதில் முழு வசதியுள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பும் உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் விண்ட்சர் என்ற ஊர், அமெரிக்க மெஷின் டூல் தொழில் பிறந்த இடங்களில் ஒன்று. மாற்றிப் பொருத்தக்கூடிய உதிரி பாகங்களோடு துப்பாக்கி செய்த ஊர். மெக்கானிக்கல்காரர்களுக்கு இந்தச் சேதி பிடிக்கும். பாரிஷுக்குத் தபால் வந்ததும் அந்த விண்ட்சர் முகவரிக்குத்தான். தன்னை ஓவியர் என்று சொல்லிக்கொள்வதைவிட, படம் போடத் தெரிந்த மெக்கானிக் என்று சொல்லிக்கொள்வதில்தான் அவருக்குத் திருப்தி.

1900ல் காசநோய் வந்து படுத்தது. மருந்து இல்லாத காலம். நல்ல காற்று, ஓய்வு, அவ்வளவுதான் வைத்தியம். சாரனாக் லேக் என்ற குளிர்ப் பிரதேசத்தில் போய்த் தங்கினார். அந்தக் குளிரில் மை உறைந்துபோய்விட, எண்ணெய் வண்ணத்துக்கு மாறினார் என்பார்கள். அடுத்து அரிசோனா. செஞ்சுரி பத்திரிகைக்காகப் பாலைவனக் காட்சிகள் வரைந்தார். செம்பாறையும், அதன் நிழலில் தெரியும் ஊதாவும், மாலை வானத்து நீலமும் அங்கேதான் அவருக்குப் பிடிபட்டன. பிறகு எடித் வார்ட்டன் இத்தாலிய மாளிகைத் தோட்டங்கள் பற்றி எழுதிய புத்தகத்துக்காக இத்தாலிக்கே போய்ப் பார்த்து வரைந்தார். 1904ல் அந்தப் புத்தகம் வந்தது.

இதுவரைக்கும் சரி. பாலைவனம் வேண்டுமா, அரிசோனா போகலாம். தோட்டம் வேண்டுமா, இத்தாலி போகலாம். ஆனால் காலியர்ஸ் பத்திரிகையோடு 1904ல் ஒப்பந்தம் ஆன பிறகு வந்த வேலைகள் வேறு மாதிரி. அரபுக்கதை ராஜாக்களின் மண்டபம் வேண்டும், தேவதைக் கதையின் கோட்டை வேண்டும், யாரும் மிதிக்காத மலைமுகட்டில் ஒரு ஏரி வேண்டும். இதை எல்லாம் எந்த ஊரில் போய்ப் பார்ப்பது? மனசிலிருந்தே வரையலாம்தான். பல பேர் அப்படித்தான் வரைந்தார்கள். ஆனால் பாரிஷுக்கு அது ஒத்து வரவில்லை. கற்பனை இடமாக இருந்தாலும் வெயில் நிஜ வெயிலாக இருக்க வேண்டும். ஒரு தூணின் நிழல் படிக்கட்டில் விழுந்து, படிக்குப் படி மடங்கி இறங்குகிறது என்றால், அது எங்கே மடங்கும் என்று மனசால் கணக்குப் போடுவது கஷ்டம். கண்ணால் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை.

அதனால் செய்து பார்த்தார். தூண் வேண்டுமென்றால் லேத்தில் மரத்தைக் கடைந்தார். பூச்சாடிகளும் அப்படியே. கட்டடம் வேண்டுமென்றால் பலகையை அறுத்து ஒட்டிச் சின்ன வீடாகக் கட்டினார். மலை வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தில் கிடக்கும் கற்களைப் பொறுக்கி வந்து மேஜையில் அடுக்கினார். தண்ணீருக்குக் கண்ணாடி. அதன் மேல் கல்லை வைத்தால், ஏரியில் மலை தலைகீழாகத் தெரிகிற காட்சி தயார்! பிறகு விளக்கை இங்கும் அங்கும் நகர்த்தி, காலையா மாலையா என்று முடிவு செய்வார். சூரியனை நகர்த்துகிற அதிகாரம் எந்த ஓவியருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்?

இது கேட்க விளையாட்டு மாதிரி இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் நல்ல இஞ்சினியரிங். நாமே வீட்டில் செய்து பார்த்தாலும் சில விஷயங்கள் புரியும். கையளவு கருங்கல்லில் இருக்கும் வெடிப்பும் முறிவும், ஒரு முழு மலையில் இருக்கும் வெடிப்பும் முறிவும் ஏறத்தாழ ஒரே ஜாடை. அளவைக் காட்டிக்கொடுக்கும் சமாச்சாரம் பக்கத்தில் இல்லாதவரை, கல்லா மலையா என்று கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் அப்படி இல்லை. தட்டில் ஊற்றிய தண்ணீர் எப்போதும் தட்டுத் தண்ணீராகத்தான் தெரியும். ஓரத்தில் மேலேறி ஒட்டிக்கொள்ளும். அலை எழுந்தாலும் ஏரி அலையின் நடையில் அசையாது. கல்லைச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. கண்ணாடியை வைத்ததன் சூட்சுமம் அதுதான்.

வெளிச்சமும் அப்படித்தான். சூரியன் வெகு தூரத்தில் இருப்பதால் அதன் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக வருகின்றன. வரிசையாக நாலு தூண் நின்றால் நாலு நிழலும் ஒரே பக்கம் சாயும். விளக்கைப் பக்கத்தில் வைத்தால் நிழல்கள் விசிறி மாதிரி விரிந்துவிடும். பார்க்கிறவனுக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் எதுவோ பொம்மைத்தனமாக இருக்கிறதே என்று மனசு சொல்லிவிடும். ஆகவே விளக்கைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். வெட்டவெளியில் நிழலுக்குள்ளும் ஆகாயத்தின் வெளிச்சம் புகும். அறைக்குள் வைத்த மாடலின் நிழல் கன்னங்கரேல் என்று கிடக்கும். பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் கொஞ்சம் தெளியும். இன்னொன்று, கண்ணின் உயரம். மாடலில் ஒரு ஆளின் உயரம் ஒரு அங்குலம் என்றால், நம் கண்ணும் மேஜையிலிருந்து ஒரு அங்குலத்தில் இருக்க வேண்டும். நின்றபடி குனிந்து பார்த்தால் அது பொம்மை. முட்டி போட்டு, கன்னத்தை மேஜையில் வைத்துப் பார்த்தால் அது ஊர்!

மாடல் தராத சங்கதியும் உண்டு. தூரத்து மலை நீலமாக மங்குகிறதே, அந்தக் காற்றின் திரை மேஜைக் கல்லுக்கு வராது. அதை ஓவியர்தான் அரிசோனாவிலிருந்தும் அஸ்கட்னியிலிருந்தும் நினைவில் எடுத்துவந்து சேர்க்க வேண்டும். அதனால்தான் மாடல் செய்யத் தெரிந்தவன் எல்லாம் பாரிஷ் ஆகிவிட முடியவில்லை.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். போட்டோவைப் பார்த்து வரைகிறான், பொம்மையைப் பார்த்து வரைகிறான் என்று ஓவியக் கல்லூரிகளிலேயே மட்டம் தட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் பூசேன் மெழுகுப் பொம்மைகளை ஒரு பெட்டிக்குள் நிறுத்தி வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார். அவருக்கும் முன்னால் வெனிஸ் நகரத்து டின்டொரெட்டோ அதையே செய்தார். இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோ உடைந்த கல்லையும் காய்ந்த செடியையும் கண்ணாடித் துண்டையும் மேஜையில் வைத்து, அதையே பாறையாக, மரமாக, தண்ணீராகப் பெரிதாக்கி வரைந்தார் என்று ரெனால்ட்ஸ் பதிவு செய்திருக்கிறார். இவர்களை எல்லாம் யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. பத்திரிகைக்கும் காலண்டருக்கும் வரைகிறவர் செய்தால் மட்டும் குற்றமாகிவிடுகிறது! ஸ்ட்ரக்சர் போடுகிறவன் மாடல் செய்து சோதித்தால் அதைப் பொறுப்பு என்கிறோம் இல்லையா?

மனித உருவங்களுக்கு அவர் போட்டோவை நம்பினார். தானே எடுத்து, தானே கழுவி, கண்ணாடி நெகடிவை மாஜிக் லாண்டர்னில் போட்டுப் பெரிதாக்கிக் கோடு எடுப்பார். ஆள் கிடைக்காவிட்டால் தானே வேஷம் போட்டு நின்றுவிடுவார். அவருடைய பல படங்களில் வரும் நீளமூக்குக் கோமாளியும் சமையல்காரனும் அவரேதான். வண்ணம் பூசுவதிலோ பொறுமைக்கு அளவே இல்லை. வெள்ளைப் பலகையில் முதலில் நீலத்தில் மட்டும் முழுப் படமும் போடுவார். அது காய்ந்த பிறகு ஒரு வார்னிஷ். அதன்மேல் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ஒரு வண்ணம், மெல்லிசாக. மறுபடி வார்னிஷ். மறுபடி வண்ணம். இரண்டு வண்ணங்களைத் தட்டில் குழைத்துக் கலப்பதே அபூர்வம். பிரஸ்ஸில் ஒரு நிறத்தின் மேல் ஒரு நிறமாக அச்சேறுவதைப் போலத்தான் இது. வெளிச்சம் இத்தனை அடுக்கையும் தாண்டி அடியிலிருக்கும் வெள்ளையில் பட்டுத் திரும்புவதால் அந்த நீலம் உள்ளிருந்து எரிகிற மாதிரி தெரிகிறது. பாரிஷ் நீலம் என்று அதற்குப் பேரே வந்துவிட்டது.

எடிசன் மாஸ்டா என்ற பல்பு விளம்பரத்துக்காக ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1918 முதல் 1934 வரை இவர் படத்தோடு காலண்டர் போட்டது. வருஷம் முடிந்தாலும் நம் வீடுகளில் சில காலண்டர் படங்களைத் தூக்கிப் போட மனசு வராமல் சட்டம் போட்டு மாட்டுவோமே, அந்தக் கதைதான் அங்கேயும். 1922ல் ‘டேபிரேக்’ வந்தது. இரண்டு பெரிய தூண்கள், நடுவே நீல மலை, ஏரி, தரையில் படுத்திருக்கும் ஒரு பெண், குனிந்து அவளைப் பார்க்கும் ஒரு சிறுமி. சிறுமியாக நின்றது அவருடைய மகள் ஜீன். படுத்திருப்பது அரசியல் தலைவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனின் பேத்தி. அச்சுப்படமாக விற்பதற்கென்றே திட்டமிட்டு வரைந்த படம் அது. அமெரிக்காவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இருந்தது என்று ஒரு கணக்கு உண்டு. கணக்கை நான் தணிக்கை செய்யவில்லை! ஆனால் மூலப் படம் 2006ல் நியூயார்க் ஏலத்தில் 76 லட்சம் டாலருக்குப் போனது நிஜம்.

பணம் கொட்டியது. அதே சமயம் மனுஷனுக்குச் சலித்தும்போனது. பாறை மேல் ஒரு பெண், பின்னால் நீல வானம். போன வருஷம் விற்றதையே இந்த வருஷமும் கொடு என்று கேட்டால்? 1931ல், அறுபது வயசில், இனிமேல் பாறை மேல் பெண்களை வரையப்போவதில்லை என்று பத்திரிகைக்காரர்களிடமே அறிவித்துவிட்டார். நல்லா ஓடுகிற மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவரே நிறுத்துவது லேசான காரியமா? உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம் வேறு. எடிசன் மாஸ்டா காலண்டர் இன்னும் மூன்று வருஷம் ஓடி நின்றது. பிறகு 1936லிருந்து 1963 வரை பிரவுன் அண்டு பிகலோ கம்பெனி காலண்டர்களுக்கு வெறும் இயற்கைக் காட்சிகள். ஆள் இல்லை, தேவதை இல்லை. பண்ணை வீடு, களஞ்சியம், ஓக் மரம், பனி. அப்போதும் லேத்தும் ரம்பமும் ஓயவில்லை. சுற்றிலும் நிஜமான பண்ணை வீடுகள் இருக்க, அவற்றையும் மரத்தில் சின்னதாகச் செய்து வைத்துத்தான் வரைந்தார். நிஜ வீட்டின் மேல் விழும் வெயில் பத்து நிமிஷம் நிற்காது. மேஜை வீட்டின் மேல் விழும் வெயில் ஆறு மாசம் ஆனாலும் அங்கேயே நிற்கும். அடுக்கடுக்காக வார்னிஷ் காயும்வரை காத்திருக்கிறவருக்கு அது எவ்வளவு சௌகரியம்!

மர மாடல்கள் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றன. மனுஷ மாடல்கள் அப்படி இருக்க முடியாதே. 1905ல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பதினாறு வயசில் வேலைக்கு வந்தவர் சூசன் லெவின். பாரிஷின் பல படங்களில் நின்றவர் அவர். உடைகளைத் தைத்ததும் அவர்தான். காலப்போக்கில் பாரிஷ் வீட்டை விட்டு ஸ்டூடியோவிலேயே தங்க ஆரம்பித்தார். சூசனும் அங்கேயே இருந்து கவனித்துக்கொண்டார். நாலு பிள்ளைகளோடு லிடியா பெரிய வீட்டில். ஊர் பேசியதை எல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. லிடியாவும் ஒடிந்து உட்காரவில்லை. குளிர்காலங்களில் ஜார்ஜியா கடலோரத் தீவுகளுக்குப் போய், அங்குள்ள கறுப்பின மக்களின் அடிமைக்காலப் பாடல்களைச் சேகரித்தார். 1942ல் அது புத்தகமாக வந்தது. இன்றைக்கும் அந்தத் துறையில் மதிக்கப்படும் புத்தகம். பாரிஷின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1953ல் லிடியா காலமானார். சூசன் ஐம்பத்தைந்து வருஷம் அந்தக் குன்றின் மேல் இருந்துவிட்டு, 1960ல், எழுபது வயசில், சின்ன வயசிலேயே தெரிந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். அதற்குப் பின் பாரிஷ் அதிகம் வரையவில்லை. 1961ல் போட்டதுதான் கடைசிப் படம். வயசு தொண்ணூறு தாண்டியிருந்தது.

நடுவில் ஓவிய உலகம் அவரை மறந்தே போயிருந்தது. காலண்டர்க்காரர் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1964ல் பென்னிங்டன் கல்லூரியில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதே வருஷம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அவர் படம் ஒன்றை வாங்கியது. அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். 1966 மார்ச் 30ஆம் தேதி, தன் கையால் கட்டிய வீட்டிலேயே, 95ஆம் வயதில் காலமானார். அந்த வீடு 1979ல் தீப்பிடித்து எரிந்துபோய்விட்டது.

பிளெய்ன்ஃபீல்டு ஊர் மண்டபத்தில் ஒரு மேடை இருக்கிறது. 1916ல் உள்ளூர்க்காரர்கள் நாடகம் போடுவதற்காக பாரிஷ் வடிவமைத்துக் கொடுத்த திரைச்சீலையும் பக்கத் தட்டிகளும் அதில் உண்டு. மேஜை மேல் சின்னதாகச் செய்துகொண்டிருந்த வேலையை அங்கே ஆள் உயரத்துக்குச் செய்திருக்கிறார். மரங்களுக்கு நடுவே தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் அஸ்கட்னி மலை. பின்னால் வைத்த மின்விளக்குகளைக் கூட்டிக் குறைத்தால் அந்த மலை மேல் விடியும், உச்சிவெயில் அடிக்கும், பொழுது சாயும்.